ஐந்தும் சுழியும்

முஹர்ரக். ஜெராக்ஸ் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
ஏசி ஒரு பக்கம் மட்டும் குளிரும்.
என்றோ செத்த முத்து வியாபாரி ஒருவரின்
பேரேடுகளைப் படமெடுத்து
எக்செல்லில் ஏற்றுவது என் வேலை.

அரபி தெரியாது. எண்கள் போதும் என்றார்கள்.
இங்கே சுழிக்கு வெறும் புள்ளி.
நம் சுழியைப் போல உருண்டையாக இருப்பது ஐந்து.
இது விளங்காத முதல் வாரத்தில்
அறுபத்து மூன்று பேரின் கடனில்
ஐந்து வந்த இடமெல்லாம் சுழி போட்டுவிட்டேன்.
பத்ரியா திரையைப் பார்த்துச் சிரித்தாள்:
"இத்தனை இரக்கமுள்ள கணக்குப்பிள்ளை
அந்தக் காலத்தில் கிடைக்கவில்லையே!"

புள்ளியில் வேறொரு வம்பு.
ஈ எச்சமிட்டாலும் கடன் பத்து மடங்கு.
பூதக்கண்ணாடி வைத்து
இது மை, இது ஈ என்று பிரிக்கிறேன்.
அன்றைக்கு யார் பிரித்திருப்பார்கள்?
பேரேடு நாகுதாவிடம்.
எழுதப் படிக்கத் தெரிந்தவன் நாகுதாவின் ஆள்.
அடியில் மூச்சடக்கிக் கிடந்தவனிடம்
மூக்கில் மாட்டும் கவ்வி.

மர்ஸூக் பின் ஃபரஜ். பக்கம் நாற்பத்தொன்று.
பருவத்துக்கு முன் ஒரு முன்பணம்,
பருவம் முடிந்ததும் இன்னொரு முன்பணம்.
அரிசி. பேரீச்சை. ஒரு முழத்துணி.
முத்தில் அவன் பங்கு ஒரு பக்கம் வரவாகி
மறுபக்கம் அப்படியே கழிகிறது.
பதினோரு வருடம் கீழ்வரி அசையவில்லை.
பன்னிரண்டாம் வருடம் பெயர் மாறுகிறது,
தொகை மாறவில்லை.
மகன்.

"மர்ஸூக் என்றால்
படியளக்கப்பட்டவன் என்று அர்த்தம்," என்றாள் பத்ரியா.
எல்லாம் ரூபாய்க் கணக்கு.
அப்போது இந்தக் கரையிலும்
நம் ரூபாய்தான் செல்லுபடி.

பிறகு ஓர் ஆணை வந்ததாம்:
அவனவன் கணக்கு அவனவன் கையில்
சிறு புத்தகமாக இருக்க வேண்டும்.
நல்லதுதானே என்று வாசித்துக்கொண்டே போனால்
அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள்
முக்குளிப்பவர்களே.
கடனுக்கு வரம்பு வந்தால் முன்பணத்துக்கும் வரம்பு;
குளிர்மாதத்தில் உலை எதை வைத்துக் கொதிக்கும்?
இந்த இடத்தில் ஒரு நாள் முழுக்க நின்றேன்.
என் பி.காம். பாடத்தில் இது இல்லை.

அப்புறம் முத்தே விலைபோகவில்லை.
ஜப்பானில் சிப்பியை ஏமாற்றக் கற்றிருந்தார்கள்.
சில வருடத்தில் தெற்கே, குன்றடியில், எண்ணெய்.
எண்ணெய்தான் நாட்டைத் தூக்கிவிட்டது என்பார்கள்.
நான் சொன்னேன்:
கடலடியில், மண்ணடியில் என்ன கிடைத்தாலும்
பேனா யாரிடம் என்பதுதான் கேள்வி.
பத்ரியா தலையாட்டவில்லை.
"எண்ணெய் வராமல் இருந்தால்
என் அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் ஏது?
அம்மா படிக்காமல் இருந்தால்
இந்தப் பக்கத்தை உனக்கு வாசித்துக்காட்ட
இங்கே யார் இருப்பார்கள்?"
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.
டீ ஆறிவிட்டது.

மாலை ஆறுக்குத் தரை துடைக்க வரும் கருமலையான்,
பரமக்குடிப் பக்கம்,
துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.
"என்னம்மா, அடித்தொகை
எல்லா வருசமும் ஒண்ணாவே நிக்குது?"
சொன்னேன். கேட்டுக்கொண்டார்.
விசாவுக்கு ஏஜெண்டிடம் வாங்கியது
ஒன்றே கால் லட்சம்; அதுவும் ரூபாய்தான் என்றார்,
ஏதோ ஊர்க்காரனைக் கண்டுகொண்டவர் போல.

பிறகு தயங்கித் தயங்கிப்
போனை எடுத்து நீட்டினார். சம்பளச் சீட்டு.
அறை, சாப்பாடு, அதற்குக் கீழே
இதரப் பிடித்தம்: 15.000
"இந்த இதரன்னா என்னம்மா?"

எனக்குத் தெரியவில்லை.
இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினேன்.
ஐந்து, ஐந்துதான்.
சுழி மூன்றும் சுழிதான்.
இடையில் ஒரு புள்ளி.

கருமலையான் தோள்துண்டால்
திரையை அழுத்தித் துடைத்தார்.
புள்ளி போகவில்லை.