நாற்பது டாலர்

கராஜ் கதவு முக்கால் உயரத்தில் நின்றுவிட்டிருந்தது.
குனிந்துதான் நுழைய வேண்டும்.
ஜாம் பாட்டில்கள், ஒற்றைப் பனி பூட்ஸ்,
யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்த கட்டில்.
அதற்கப்பால் பெஞ்சோடு முடுக்கி நின்றது
வெண்டலின் தோட்டா நிரப்பும் இயந்திரம்.
நீல டேப்பில் விலை.
எழுத்து அவர் மனைவி ஆர்டித்துடையது.

நான் சால்மன் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
அக்டோபர் வேட்டைக்கு இரண்டு பெட்டி தோட்டா போதும்.
ஆனால் கடையில் சொல்லும் விலையைக் கேட்டால்
எல்க் மானே சிரிக்கும்.

கம்பெனி வார்த்துக் கொடுத்தது
சிவப்பு இரும்பு மட்டும்.
மற்றதெல்லாம் வெண்டல்.

எரிந்த பிரைமர்கள் தெறித்துத் தரையில் ஓடாமலிருக்க
பாதியாய் வெட்டிய தயிர் டப்பா,
இரண்டு காகிதக் கிளிப்பில் தொங்குகிறது.
மருந்துக் குழாய்க்குள்
துணி உலர்த்தியில் போடும் வாசனைத் தாள் ஒரு துண்டு,
தூள் சுவரில் ஒட்டாமல் இறங்குவதற்கு.
மூக்கை வைத்தால் இன்னும் லாவெண்டர்.
ஆடும் பெஞ்சுக் காலின் அடியில்
ஐஸ் ஹாக்கி வட்டு.
கெட்டிக்காரத்தனம்தான்,
காசு செலவழிக்காத கெட்டிக்காரத்தனம்.

குப்பியின் வாய்க்கு நேராக ஒரு குட்டி விளக்கு,
மருந்து எதுவரை ஏறியது என்று பார்க்க.
எல்லோரும் வைப்பதுதான்.
அதன் பக்கத்தில் இரண்டாவது விளக்கு.
அதற்கு மேலே மூன்றாவது,
மீன் தொட்டியிலிருந்து கழற்றியது.
பிறகு காம்பு ஒடித்த பூதக்கண்ணாடி, கம்பி கட்டி.

கைப்பிடியில் மர உருண்டை.
மர உருண்டைமேல் சைக்கிள் ரப்பர்.
ரப்பர்மேல் கிழித்த டென்னிஸ் பந்து.
பந்துமேல் துணி நாடா, சுற்றிச் சுற்றி.
மரத்தை அறுத்தால் வளையம் தெரியுமே,
அந்த மாதிரி எண்ணிவிடலாம்,
விரல்கள் மடங்காமல் போன வருஷங்களை.

நெம்புகோல் மேலே வந்து முட்டும் இடத்தில்
ஒரு சைக்கிள் மணி.
பின்னால் பலகையில் மார்க்கர் பேனாவில்:
மணி அடித்தால் போட்டாயிற்று.
அதன் கீழே, கொஞ்சம் கோணலாக:
போட்டதில் மறுபடி போடாதே.
அதற்கும் கீழே, ஓரத்தில், சின்னதாக:
போட்டாயா?

நெம்புகோலையும் சட்டத்தையும் சேர்த்துக் கோத்து
மஞ்சள் பூட்டு ஒன்று.
இது எதற்கு என்று தடவிப் பார்த்தேன்.
"அதை மட்டும் நான் செய்தேன்" என்றாள் ஆர்டித்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
மணி அடித்துக்கொண்டே இருந்ததாம்.
இறங்கி வந்தால்
ஒரே குப்பி, மருந்து வழிந்து,
பெஞ்சு முழுக்கக் கருமணல்.
"நல்லவேளை, அவர் புகைப்பதை விட்டது
அவருக்கு மறக்கவில்லை" என்றாள்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
நான் போல்ட்டைத் தேடினேன்.

கார்ச் சாவி வளையத்திலிருந்து
நகத்தால் நெம்பி அந்தக் குட்டிச் சாவியை எடுத்தாள்.
நேரம் பிடித்தது.
இரண்டு இருபதை எண்ணாமல் பையில் போட்டாள்.

வெளியே மடக்கு நாற்காலியில் வெண்டல்,
வருகிறவர்களையெல்லாம் வரவேற்றுக்கொண்டு.
காலையிலிருந்து என்னிடம் மூன்று முறை
பேருந்து எப்படி ஓடுகிறது என்று கேட்டாயிற்று.
நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்த இயந்திரத்தைப் பார்த்தார்.
அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.
"நில்லு" என்றார்.
வளையாத விரலால் நடுவிளக்கை
நூலளவு இடப்பக்கம் தள்ளினார்.
"இப்போ நிழல் விழாது."

வீட்டில் மாட்டி எரியவிட்டேன்.
நிழல் விழவில்லை.

எனக்கு ஒரு விளக்கு போதும், வயது ஐம்பத்தாறுதான்.
மற்ற இரண்டையும் கழற்றினேன்.
பூதக்கண்ணாடியையும்.
மணி இருக்கட்டும் என்று விட்டேன்.
கழற்றியதையெல்லாம் காப்பி டப்பாவில் போட்டு
மூடிமேல் பெயர் எழுதி
கைக்கு எட்டும் அலமாரியில் வைத்திருக்கிறேன்,
பூட்டையும் சேர்த்து.
சாவி
என் மனைவியிடம்.