குழாய் திறக்கும் செவ்வாய்

ஹைகேட் உச்சியில்
பஸ்ஸை விட்டு இறங்குவது நான் மட்டும்.
இந்தத் தெருக்காரர் பஸ்ஸில் வருவதில்லை.
பலர் வருவதே இல்லை.

ஒன்பது குளியலறை வீடு.
ஆள் புழங்காத பைப்பில் தண்ணீர் தேங்கினால்
கிருமி பிடிக்குமாம்,
காப்புறுதிக்காரன் கைவிரித்துவிடுவான்.
ஆகவே கிழமைக்கொரு தரம்
சுடுதண்ணீர் ஐந்து நிமிடம், பச்சைத்தண்ணீர் ஐந்து.
தாளில் கையெழுத்து: ம. யோகமலர்.

ஈஸ்ட்ஹாமில் எங்கள் ஆறு பேருக்கு ஒன்று.
"முடிஞ்சுதா?" கேட்காத காலை கிடையாது.
அந்தப் பழக்கத்தில்
இங்கேயும் தட்டிவிட்டுத்தான் நுழைகிறேன்.

நாலாவது அறைக் குழாய்
முதலில் துருநிறமாய் இருமும், பிறகு தெளியும்.
வீட்டின் விலையை ஒருநாள் பேப்பரில் பார்த்தேன்.
சைபர்களை விரல்வைத்து எண்ணினேன்.
நடுவில் பிழைத்துவிட்டது.
திரும்ப எண்ணவில்லை.

இந்த நவம்பரில்,
போன செவ்வாய்க்கும் இந்தச் செவ்வாய்க்கும் இடையில்,
ஏழாவது அறைக்கு ஒரு சிலந்தி வந்திருக்கிறது.
குழாய் மூக்கிலிருந்து சவர்க்காரக் கிண்ணம்வரை
வலை கட்டி, நடுவில் கால் மடக்கி.
இரண்டு வருடத்தில்
இந்த வீட்டில் நான் பார்த்த முதல் ஆள்.

திறந்தால் அடித்துக்கொண்டு போய்விடும்.
தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
போனில் பத்து நிமிடம் ஓடவிட்டேன்.
குழாயைத் தொடவில்லை.
தாளில் ஏழுக்கு நேரே எழுதினேன்:
ஐந்து. ஐந்து.

நாலரைக்கு பஸ் தரிப்பில் நிற்கிறேன்.
ஆள் இருப்பதாய்க் காட்ட
நேரம் குறித்துவைத்த விளக்குகள்
தாமாய் எரியத் தொடங்குகின்றன.
கீழே மூன்று, மாடிப்படியில் ஒன்று,
பிறகு, கொஞ்சம் பிந்தி,
ஏழாவதில்.