ஏழு கிராம்

ரெஜைனாவில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
சலவைக்கடைக் கண்ணாடிக்கு உள்ளே வேர்வை, வெளியே உறைபனி.
மெசின்கள் துப்பிய காசுகளுக்கென்று
ஒரு பழைய ஐஸ்கிரீம் வாளி வைத்திருக்கிறேன்.
வெள்ளி இரவு, கடைசி உடுப்பு காய்வதற்குள்
அதைக் கவிழ்ப்பேன்.

விளக்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
நேரே அடித்தால் எல்லாம் நல்ல காசுதான்.
சாய்ந்த வெளிச்சத்தில்தான்
கீறல் எழும்பி உட்காரும்.

இந்தக் கால் டொலர்
ஏதோவொரு வாகனத் தரிப்பிடத்தில் குளிர்காலம் முழுக்கக் கிடந்தது.
கலைமானின் மூக்கில் சரளை குத்திய குழிகள்,
வீதியுப்பு தின்ற விளிம்பு,
பனி வழிக்கும் வண்டி இழுத்த நீளக் கோடு.
அச்சுப் பிழை, அபூர்வம் என்று ஒருவன்
இதற்கு இருபது டொலர் கேட்டான்.
அச்சு வெடித்தால் காசில் மேடு விழும், தம்பி.
இது பள்ளம்.
அடி வாங்கினது பள்ளமாய்த்தான் இருக்கும்.

இது என் உலர்த்தியின் வேலை.
உருளைக்கும் தகட்டுக்கும் இடையில் விழுந்து
எத்தனை வருடம் உருண்டதோ,
ஓரம் சுருண்டு, அளவு சிறுத்து, குட்டிச் சட்டி மாதிரி.
நடுவில் மான் மட்டும்
நேற்று அடித்ததுபோல் நிற்கிறது.

இதற்குப் பூவும் இல்லை, தலையும் இல்லை.
தண்டவாளமாக இருக்கலாம்.
ரயிலைக் கேட்டால்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ரோவீனா வந்தாள்,
இரவு வேலை முடித்த தாதி உடுப்போடு.
உள்ளங்கையில் ஒரு டொலர்.
பொன்னிறமாய் இருக்க வேண்டியது, வெள்ளை வெளேரென்று.
பறவை வெள்ளை, ஏரி வெள்ளை.
"வேறு தகட்டில் தவறி அடித்திருப்பார்களோ?
இலோயிலோவுக்கு ஒரு டிக்கெட் வருமா?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.
கண் சிரிக்கவில்லை.

சோப்புத்தூள் நிறுக்கும் தராசில் வைத்தேன்.
ஏழு கிராம் காட்ட வேண்டும்.
ஆறு புள்ளி ஆறு.
"மேல்தோல் போய்விட்டது," என்றேன், "உள்ளே நிக்கல்.
அமிலத்தில் ஊறியிருக்கிறது."
"யார் ஊறவைப்பார்கள் ஒரு டொலரை?"

விளக்கைச் சாய்த்தேன்.
பறவையின் கழுத்தடியில் பிறை மாதிரி ஒரு வெட்டு.
எனக்குத் தெரிந்த வெட்டு.
ஒன்பதாம் மெசினின் நாக்கு வைத்தது.
போன மாசியில், கறுத்த காசு வெளுத்தால்
மெசின் விழுங்கும் என்று நினைத்து,
குழாய்க்கறை எடுக்கும் திரவத்தில் போட்டு மறந்து,
பிறகு ஒருநாள்
சில்லறையோடு சில்லறையாய்
யாருக்கோ நீட்டினேன்.

சொல்லவில்லை.
அவள் அதை ஒன்பதிலேயே போட்டாள்; துப்பியது.
துடைத்துப் போட்டாள்; துப்பியது.
பின்பக்கம் போய்ச் சாவி கொடுத்துச் சுற்றவிட்டேன்.
நீல உடுப்புகள் கண்ணாடியில் எழுந்து விழுந்தன.

"வேறு டொலர் தரட்டுமா?" என்றேன்.
"வேண்டாம். அதிர்ஷ்டத்துக்கு இருக்கட்டும்,"
என்று கையுறைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

பின்னறைத் தட்டில், அந்த டின்னுக்குள்
இன்னும் நாலு கிடக்கிறது.