தூசி மூட்டை

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு
வெள்ளி கிலோவாக வரும், கொலுசாகப் போகும்.
நடுவில் உதிர்வது தூசி.
அதையும் கூட்டி மூட்டை கட்டி வைப்போம்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
எரித்துப் பிரிப்பவர் வந்து விலை சொல்வார்.

சில்லறை என்று நாங்கள் கூப்பிடும் நாய்
அந்த மூட்டையைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

தீபாவளி வெடிக்குப் பயந்து உள்ளே வந்தவள்.
ஐந்தாம் வாரம் வரை வயிறு ஒன்றும் சொல்லவில்லை.
ஆறாவதில் காம்புகள் சிவந்து தடித்தன.
ஏழாவதில், ஊதுகுழலை வைத்துவிட்டுத் தொட்டேன்:
உள்ளே யாரோ முழங்கையால் இடித்துவிட்டு
மன்னிப்பும் கேட்காமல் புரண்டு படுத்தார்கள்.

மார்கழி ஐந்து. தட்டுவடை செட்டை
முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.
இரைக்க இரைக்கச் சாக்கைப் பிராண்டினாள்,
தரையெல்லாம் சாம்பல் மினுமினுப்பு.
"அண்ணனுக்குத் தெரிஞ்சா" என்றாள் மாதம்மா.
முடிக்க நேரமில்லை.
முதல் குட்டி பையோடு வந்தது.
பல்லால் கிழித்தாள், கொடியைக் கடித்தாள்,
பையைத் தின்றாள்,
நக்கினாள், நக்கினாள், அது குரல் கொடுக்கும்வரை.
அரைமணிக்கு ஒன்றாக நான்கு.
நெடுநேரம் கழித்து ஐந்தாவது.

காலையில் அர்த்தனாரி அண்ணன் ஷட்டரைத் தூக்கினார்.
மூட்டையைப் பார்த்தார். சில்லறையைப் பார்த்தார்.
எதற்கும் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்:
தராசை இழுத்தார், துண்டை விரித்தார்,
துண்டின் எடையைக் கழித்தார்.
முந்நூற்றுப் பத்து. இருநூற்றுத் தொண்ணூறு.
முந்நூற்று நாலு. இருநூற்று எண்பத்தெட்டு.
கடைசி, நூற்று எழுபது.
வெள்ளி நோட்டில் புதுப் பக்கம்.

தினமும் எழுதினார். நாலும் ஏறின.
கடைசியது நூற்று அறுபத்தாறு, நூற்று அறுபது.
மூன்றாம் இரவு சில்லறை அதை மூக்கால் ஒதுக்கினாள்.
எடுத்து மடியில் வைத்தேன். ஒதுக்கினாள்.
மறுபடி வைத்தேன்.
விடிந்ததும் அண்ணன் அந்த வரியில்
'சேதாரம்' என்று எழுதப்போய்ப் பேனாவை மூடினார்.
கட்டம் இன்றைக்கும் காலி.

கண் இல்லை, காது இல்லை, மூக்குதான் உலகம்.
அவள் நக்கிவிட்டால்தான் மூத்திரமே வரும்.
சேர்வராயன் மலை இறக்கிவிடும் குளிருக்கு
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன;
மேலே இருப்பது வழுக்கி அடிக்குப் போகும்,
அடியில் இருப்பது முனகிக்கொண்டே மேலே வரும்.
ஒன்பதாம் நாள் எடை இரட்டித்தது.
பதிமூன்றில் ஒரு கண், ஓரத்தில் மட்டும் கீறல்,
உள்ளே கலங்கிய நீலம்.

தூசி வாங்குபவர் சாக்கை முகர்ந்து பாதி விலை சொன்னார்.
"மிச்ச வெள்ளி எங்கே?"
அண்ணன் சில்லறையின் மூக்கைக் காட்டினார்.

பதினேழாம் நாள்வரை கொலுசைக் குலுக்கிப் பார்த்தேன்.
ஒன்றும் திரும்பவில்லை.
மறுநாள், கையில் கொலுசு இல்லாத நேரம்,
கறுப்புக்குட்டி 'வவ்' என்றது.
யாரது என்று பின்னால் திரும்பி,
இடறி விழுந்து,
எழுந்து,
இன்னொரு முறை கேட்டது.