மூன்றாம் சரணம்

நெவென்கா, தூங்கிவிட்டாயா?
ரியேகாவில் மழை. எனக்குப் பல்வலி.
கிராம்புத் தைலம் பற்றித் தேடப்போய்
கைப்பேசியில் அகப்பட்டான் அந்த ஒல்லிப் பாடகன்,
எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கிருதாவோடு.

யாரோ ஏற்றிய வீடியோ. நாடா எங்கோ சுருங்கி
கிதார் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது.
இரண்டாம் வரிசையில் நாம்தானா?
உன் உடை பச்சை என்பாய், சிவப்பு என்பேன்.
எல்லாம் சாம்பல்.
அந்த வழக்கு இனி தீராது.

முதல் இரண்டு சரணமும்
அவன் தொடங்குமுன்பே என் வாயில் வந்து நின்றன.
மூன்றாவதுதான்.
துறைமுகக் கேன்டீனில் தட்டு கழுவும்போதும்
ஸ்லாவ்கோவின் மகனைத் தொட்டிலில் ஆட்டும்போதும்
ஐம்பது வருஷமாய்
வார்த்தை வராமல் லாலா போட்டு நிரப்பிய இடம்.
மறதிக்காரி என்று
என்னையே நான் வைத இடம்.

காதோடு ஒட்டவைத்துக் கேட்டேன்.
அவனும் லாலாதான் பாடுகிறான்,
கண்ணை மூடிக்கொண்டு,
என்னவோ பெரிய விஷயம் சொல்வதுபோல.

மூன்று முறை பின்னால் தள்ளிப் பார்த்துவிட்டேன்.
நான் எதையும் மறக்கவில்லையடி.

மால்மோவில் மணி என்ன?
அங்கும் இரண்டுதானே.
எடு.