காற்று எந்தப் பிரிவில் வரும்

"முழுக் காப்பீடுதானே?" என்பார்கள்
பையைக் கீழே வைக்கும் முன்பே.
ஆமாம் என்பேன்.
முழுப் பூசணிக்காய்தான்,
ஏழாம் பக்கத்துச் சோற்றில் இருக்கிறது.
டயர் சேராது. கண்ணாடி சேராது.
வண்டியின் அடிவயிறு சேராது.
கூரை தரையைத் தொட்டால்
அது தனிக் கணக்கு.

எஸ்கெல் ஊரில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
பதினோரு வருடமாக இந்த மேசை.
காகிதத்தில் அச்சிட்ட ஒரு கார்,
மேலிருந்து பார்த்தால் செத்த வண்டு மாதிரி.
கீறல் இருக்கும் இடமெல்லாம்
பெருக்கல் குறி போடுவது என் வேலை.

எட்முண்டோ பியூ வந்தது அக்டோபரில் ஒரு செவ்வாய்.
தேனீ வளர்ப்பவர். அவருடைய ரெனோ
கியர்பாக்ஸைத் திறந்துபோட்டு மெக்கானிக்கிடம் கிடந்தது.
சட்டைப் பையில் தீப்பெட்டி அளவில் நான்கு கூண்டுகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு ராணி.
இருட்டுவதற்குள் ரியோ பிகோ போக வேண்டும்.
உயிருள்ள சரக்கு கூடாது என்கிறது ஒன்பதாம் பிரிவு.
பையை நான் பார்க்கவில்லை.

"என் வண்டிக்குப் பாலிசி இருக்கே,
அது இதுக்கும் வராதா?"
வராது ஐயா. அது வண்டியோடு போகிற நாய்.
நீங்கள் இறங்கி வேறு வண்டி ஏறினால்
திரும்பிக்கூடப் பார்க்காது.

மூன்று அட்டைகளை விரித்தேன்.
மலிவானதில் முதல் எட்டு லட்சம் பெசோ உங்கள் தலையில்.
அடுத்ததில் மூன்று லட்சம்.
கடைசியில் ஒன்றுமே இல்லை, ஆனால்
வாடகையில் பாதியை அது தின்றுவிடும்.
உள்ளூர்க்காரர்கள் முதல் அட்டையைத்தான் எடுப்பார்கள்,
நாற்பது வருடம் ஓட்டிய சாலை என்று.
சாலை யாரையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.
அதை நான் சொல்வதில்லை.

அவர் விரல் எந்த அட்டையிலும் நிற்கவில்லை.
கீழே, பொடி எழுத்தில்,
"கவிழ்தல்" என்ற இடத்துக்கு வந்து நின்றது.
"இதை மட்டும் சேர்த்துப் போடு, கிரிசெல்டா.
மத்தது மலிவாவே இருக்கட்டும்."
எதற்கு என்று கேட்கவில்லை.
அவர் தம்பி ஈவான் கவிழ்ந்த வளைவு
ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

வியாழன் காலை திரும்பி வந்தார்.
நான்கு சக்கரமும் தரையில்.
கூரையில் புழுதி, அவ்வளவுதான்.
ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும்
அதிர்ச்சியில் திறந்த வாயாக, மூட மறுத்தது.
தேக்கா தாண்டி, காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினாராம்,
ராணிகள் அசைகின்றனவா என்று வெளிச்சத்தில் பார்க்க.
கைப்பிடியை விட்டது ஒரு நொடி.

"காத்து எந்தப் பிரிவில வரும்?"
எதிலும் வராது. அதாவது, பதினாறில் வரும்,
ஓட்டுநரின் கவனக்குறைவு என்ற பெயரில்.
வண்டின் இடது விலாவில் ஒரு பெருக்கல் குறி.
ஆறு தவணை. முதலாவது ரொக்கம்.
கூடவே மேசையில் ஒரு தேன் பாட்டில்,
அதற்கு ரசீதில் கட்டம் இல்லை.
"ராணிகள்?"
"நாலும் நலம்."

மாலை என் ஃபியட்டில் உட்கார்ந்தேன்.
புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் ஒரு வாரமாக அங்கேயே கிடக்கிறது.
பத்தொன்பது வயது வண்டிக்கு முழுக் காப்பீடு
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
திருட்டு: அடித்துவிட்டேன்.
திருடனுக்கே தள்ளிவிட ஆள் வேண்டும்.
தீ: கொஞ்சம் யோசித்து, அதையும்.
மூன்றாம் நபர் என்ற கட்டத்தில் மட்டும்
உச்ச வரம்பைக் குறித்தேன்,
பேனா எழுதாமல் இரண்டு முறை.

நிமிர்ந்தால், எதிரே தெருவில்
எழுந்து நின்று சைக்கிள் மிதிக்கிறான் ஒரு சிறுவன்,
காற்று அவனை நகரவிடவில்லை.
பெயர் தெரியாது.
அவன் கடந்து போகும்வரை
சாவியைத் திருப்பவில்லை.