எட்டாவது படம்

கல்லில் வெட்டிய பெயரைப் படமெடுக்க
உச்சி வெயில் ஆகாது.
எழுத்தின் குழியை வெளிச்சம் நிரப்பி
பெயரைத் தூர்த்துவிடும்.
காலை ஏழு மணி, தாவ்ச்சான் கல்லறைத் தோட்டம்.
தூணோடு ஒட்டி நின்று
முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் சாய்ப்பேன்.
வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு போகும்.
அப்போதுதான் எழுந்து நிற்பார்கள்
சாப்பர், நாயக், ஹவில்தார்,
ஒரு சமையற்காரர்.

முதல் வருடம் தனக்கா அரைத்து எழுத்துகளில் பூசினேன்.
தோட்டக்கார உ சான் மாவ் விரட்டிக்கொண்டு வந்தார்:
"பொம்பளைக் கன்னமா இது?"
அதிலிருந்து தண்ணீர் மட்டும்.

வயிற்றுக்குக் கல்யாண ஆல்பம், காதுகுத்து,
புத்த மடத்தில் பிள்ளை துறவேற்கும் நாள்.
இது வேறு கணக்கு. வாடகை வண்டிக்கு மட்டும் வாங்குவேன்.
முகம் வேண்டுமென்று கேட்டால் வரைந்தும் தருவேன்,
தம்பியின் போட்டோவிலிருந்து மூக்கை எடுத்து,
மகளின் போட்டோவிலிருந்து நெற்றியை எடுத்து.
பொய்தான்.
கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிடுவேன்.

குடியாத்தம் பக்கமிருந்து நவநீதம் எழுதியிருந்தாள்:
பெரிய தாத்தா பெயர் கன்னியப்பன்,
பர்மா சண்டைக்குப் போனவர்,
நம்பர் எழுதிய காகிதத்தைக் கறையான் தின்றுவிட்டது.

ஏழு கன்னியப்பன் இருந்தார்கள்.
ஒருவருக்கு ஒரு எழுத்து கூடுதல், ஒருவருக்குக் குறைவு,
வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காது எப்படிக் கேட்டதோ அப்படி.
யாருக்கும் தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை.
ஏழையும் எடுத்தேன்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடி.
கேமராவை வாங்கிப் புரட்டினான் ஒரு பையன்.
கழுத்தைவிடப் பெரிய காலர்,
துப்பாக்கி வாரைப் பிடித்த கையில் பேனா மை.
போன மாதம்வரை எங்கேயோ
பரீட்சை எழுதிக்கொண்டிருந்திருப்பான்.
பேர் கேட்டான். அட்டையில் உள்ள பேரைச் சொன்னேன்,
மா கின் வே.
இதெல்லாம் யார் என்றான்.
பட்டாளத்துக்காரர்கள்.
எந்தப் பட்டாளம்?

என் அம்மாவின் மாமன் எதிர்ப் பட்டாளத்தில் சேர்ந்து
டில்லிக்கு என்று நடந்தவர்.
இம்பாலுக்கு இந்தப் பக்கமே எங்கேயோ நின்றுவிட்டார்.
அவருக்குத் தூண் இல்லை.
இதை அவனிடம் சொல்லவில்லை.
செத்துப்போனவர்கள் என்றேன்.

சுற்றுமுற்றும் பார்த்தான்.
"என்னை ஒண்ணு எடேன், அக்கா.
அம்மாவுக்கு."

தெருவில் இவர்களைக் கண்டால்
எதிர்ச் சாரிக்குப் போகிறவள் நான்.
என் அண்ணன் மகனை எந்த ஊரில் ஒளித்திருக்கிறோம் என்று
என் நாக்குக்குக்கூடச் சொல்வதில்லை.
ஆனாலும் தலைக்கவசத்தின் நிழல்
அவன் கண்ணை மூடியிருந்தது.
கை தானாகப் பைக்குள் போனது.
அதே கண்ணாடி.
சாய்த்தேன்.
கண் கூசிச் சிரித்துவிட்டான்.

சனிக்கிழமை கடைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான்.
வரவில்லை. அடுத்த சனியும்.
சாவடியில் வேறு பையன்கள்.

கடையில் வேலை செய்யும் பொடியன்
கார்டில் இருந்ததையெல்லாம் அச்சடித்து
ஒரே உறையில் ஒட்டி அனுப்பியிருக்கிறான்.

நேற்று நவநீதத்திடமிருந்து செய்தி, கூடவே அவள் வீட்டுச் சுவர்:
எது எங்களுடையது என்று தெரியவில்லை அக்கா,
ஏழையும் சட்டம் போட்டுவிட்டோம்.
அந்தப் பையன் யாரோ,
பட்டாள உடுப்பில் இருக்கிறானே என்று
அவனையும் சேர்த்து மாட்டினோம்.

ஏழு பெயர், ஒரு முகம்.
எல்லாவற்றுக்கும் செவ்வந்தி மாலை.
குங்குமம் கண்ணாடிமேல் வழிந்து
அவன் சிரிப்பின் ஓரத்தில் நிற்கிறது.

கழற்றச் சொல்ல வேண்டும்.
ராத்திரி மூன்று தரம் போனை எடுத்தேன்.
"அவன் உயிரோடு" என்று அடித்துவிட்டு
அடுத்த சொல்லுக்குப் போகமுடியாமல்
திரை அணைவதையே
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.